30 கிலோமீட்டருக்குப் பிறகும் ஓட: பால்தினி காட்டும் வழி

கேள்வி: வயது 34. அரை மாரத்தானை 1 மணி 50 நிமிடத்தில் ஓடுகிறேன். முழு மாரத்தானில் முதல் பாதியை 1 மணி 53 நிமிடத்தில் கடந்தாலும், 30 கிலோமீட்டருக்கு மேல் நடக்கத்தான் முடிகிறது. இத்தாலியின் ஸ்டெஃபனோ பால்தினி கடைசியில்தான் வேகம் எடுப்பாராமே, எப்படி?

பதில்: உங்கள் சிக்கல் முதல் பாதியிலேயே தொடங்கிவிடுகிறது; அதை அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடிவிடுகிறீர்கள்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கைப் பாருங்கள். மாலை 6 மணிக்கும் வெக்கை தணியவில்லை. பாதை 31 கிலோமீட்டர் வரை பெரும்பாலும் ஏற்றம். பிரேசிலின் வாண்டர்லே டி லிமா தனியே முன்னால் போனபோது பால்தினி துரத்தவில்லை. கூட்டத்தோடேயே ஓடி, இறக்கம் வந்த பிறகுதான் அழுத்தினார். 35 கிலோமீட்டரைத் தாண்டியதும் பார்வையாளர் ஒருவர் டி லிமாவைப் பிடித்துத் தள்ளினார். அந்த அநியாயத்தைச் சொல்லாமல் இந்தப் பந்தயத்தைப் பேசக் கூடாது. ஆனால் அதற்கு முன்பே இடைவெளி குறைந்துகொண்டுதான் இருந்தது. பால்தினி 2:10:55-ல் தங்கம் வென்றார். டி லிமாவுக்கு வெண்கலம்.

அந்தக் கடைசி நேர வேகம் டிராக்கில் 5,000, 10,000 மீட்டர் ஓடி வந்தது. 1995-ல் வெனிஸில் முதல் மாரத்தான், 1996-ல் அரை மாரத்தான் உலகப் பட்டம். அப்புறம் 1998-லும் 2006-லும் ஐரோப்பியத் தங்கம். 2000 சிட்னியில் முடிக்காமல் விலகியவரும் இவர்தான். பயிற்சியாளர் லூச்சானோ ஜில்யோத்தி, 1988 சியோலில் ஜெலிந்தோ போர்தினைத் தங்கம் வெல்ல வைத்தவர். பால்தினியின் மிகச் சிறந்த நேரமான 2:07:22, 2006 லண்டனில், 35 வயதை நெருங்கும்போது வந்தது. 34-ல் நீங்கள் அவசரப்படத் தேவையே இல்லை.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். உங்கள் அரை மாரத்தான் நேரத்துக்கு முழுதை 3 மணி 50 நிமிடத்தில் எதிர்பார்க்கலாம், அதாவது கிலோமீட்டருக்கு சுமார் 5:27 (5 நிமிடம் 27 விநாடி). முதல் 10 கிலோமீட்டரை 5:35-க்குக் குறையாமல் ஓடுங்கள். மற்றவர்கள் முந்தினால் முந்தட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 28 கிலோமீட்டர் ஓடி, அதில் கடைசி 8-ஐ மட்டும் பந்தய வேகத்தில் முடியுங்கள்; என் அனுபவத்தில் இதைவிடப் பலன் தரும் பயிற்சி இல்லை. வாரம் ஒருநாள் டிராக்கில் 1,000 மீட்டர் ஓட்டங்கள் ஐந்தாறு போதும். எனர்ஜி ஜெல்லை (ஓடும்போதே விழுங்கும் சர்க்கரைக் கூழ்) 40 நிமிடத்துக்கு ஒன்று என ஆரம்பத்திலிருந்தே எடுங்கள், களைத்த பிறகு எடுத்தால் தாமதம். வருடத்துக்கு முழு மாரத்தான் இரண்டுக்கு மேல் வேண்டாம்.