350 ரூபாய் மிச்சம், 2,400 ரூபாய் வட்டி

கேள்வி: திருப்பூரில் வசிக்கிறோம். கணவர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், சம்பளம் 34,000. நான் எந்தப் பாட்டிலையும் தூக்கிப் போட மாட்டேன். சாஸ், ஊறுகாய், மிளகாய்த்தூள், எண்ணெய் எல்லாவற்றையும் பெரிய பாக்கெட்டாக வாங்கி, பழைய பாட்டில்களில் நிரப்பிக்கொள்கிறேன். இதில் மாதம் 350 ரூபாய் மிச்சமாகிறது. அதை டிஜிட்டல் தங்கத்தில் போடலாமா? வங்கியில் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் சேமிப்பு) மாதம் 2,000 கட்டுகிறேன், 14 மாதம் ஆகிறது. ஒரே கவலை, கிரெடிட் கார்டு பாக்கி 58,000 ஆகிவிட்டது. மாதம் 3,000 மினிமம் டியூ தவறாமல் கட்டியும் குறையவில்லை. நாத்தனார் (கணவரின் அக்கா) ஒரு நேரடி விற்பனைக் கம்பெனியின் சமையலறை டப்பாக்களை விற்கிறார். அவருடைய டார்கெட்டுக்காக மாதம் 1,800 ரூபாய்க்கு என் கார்டில் வாங்க வேண்டியிருக்கிறது. பாதி டப்பா பிரிக்காமலே பரணில் கிடக்கிறது. மளிகை ரீஃபில் 1,200-ம் அதே கார்டில்தான். சங்கிலியை அடகு வைத்துக் கடனை அடைத்துவிடலாமா?

பதில்: டிஜிட்டல் தங்கம் இப்போது வேண்டாம். 350 ரூபாய்க்கு வாங்கினால் ஜி.எஸ்.டி. 3 சதவீதம், அதாவது பத்து ரூபாய், அப்போதே போய்விடும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் கட்டுப்பாட்டுக்குள்ளும் அது வராது. ஆப்பில் பளபளப்பாகக் காட்டுகிறார்கள் என்பதற்காக அவசரப்பட வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த 58,000-தான் இங்கே பேச வேண்டிய விஷயம்.

உங்கள் கார்டின் வட்டி விகிதத்தை நீங்கள் எழுதவில்லை. மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், பல கார்டுகளில் அந்த அளவுதான். 58,000-க்கு வட்டி ஏறத்தாழ 2,030. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அது ஒரு 365. ஆக மாதம் 2,400 ரூபாய். நீங்கள் கட்டும் 3,000-ல் அசலுக்குப் போவது 600 மட்டும். அதே மாதம் டப்பாவுக்கு 1,800, ரீஃபிலுக்கு 1,200 என்று மறுபடி 3,000 ஏற்றிவிடுகிறீர்கள். கட்டுவதும் 3,000, வாங்குவதும் 3,000, கடன் மட்டும் மாதாமாதம் 2,400 ஏறுகிறது. பாட்டில் நிரப்பி ஏழு மாதம் சேர்க்கும் காசு ஒரு மாத வட்டியோடு தீர்ந்துபோகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. பாக்கியை முழுதாகக் கட்டாதவர்களுக்கு, வட்டியில்லாத அந்த 45, 50 நாள் சலுகை புதிய வாங்கல்களுக்குக் கிடைக்காது. கடையில் கார்டைத் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். பெரிய பாக்கெட்டில் நூறு ரூபாய் குறைந்தது என்று சந்தோஷப்பட்டு அதைக் கார்டில் வாங்கி, பாக்கியை மாதக்கணக்கில் இழுத்தால், அந்த நூறும் வட்டியாகவே திரும்பிப் போய்விடும்.

பாட்டில் விஷயத்தில் உங்களுக்கு நான் சொல்லித்தர எதுவும் இல்லை. நன்றாகச் செய்கிறீர்கள், விடாமல் செய்யுங்கள். கவனிக்க வேண்டியவை இரண்டு. பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று இல்லை. ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு என்ன விலை என்று எம்.ஆர்.பி. பக்கத்திலேயே சின்ன எழுத்தில் இப்போது அச்சிடுகிறார்கள், அதைப் பார்த்து வாங்குங்கள். ஒரு லிட்டர் பாக்கெட் போலவே தெரியும் எண்ணெய்ப் பாக்கெட்டில் அளவு குறைவாக இருக்கும் காலம் இது. அப்புறம், பழைய சாஸ் மேலேயே புது சாஸை ஊற்றாதீர்கள். பாட்டிலைக் கழுவி, ஈரம் போகக் காயவைத்து நிரப்புங்கள். பாக்கெட்டில் காலாவதித் தேதி இருக்கும் துண்டை வெட்டி பாட்டிலில் ஒட்டிவிடுங்கள். கெட்டுப்போய் அரை கிலோவைக் கொட்டினால் அந்த மாதத்து மிச்சம் அதிலேயே போய்விடும்.

சரி, நாத்தனார். பழைய பாட்டிலைக் கழுவிக் கழுவி வைக்கும் வீட்டில், வருடம் 21,600 ரூபாய்க்குப் புது டப்பா வந்து இறங்குகிறது. இது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. உங்களுடைய 1,800-ல் அவர் கைக்குப் போகும் கமிஷன் சில நூறு ரூபாயாகத்தான் இருக்கும். அவருக்கு உண்மையிலேயே பணக்கஷ்டம் என்றால் அந்தச் சில நூறைக் கையில் கொடுத்துவிடுவது உங்களுக்கு எவ்வளவோ மலிவு. இதை நீங்கள் பேச வேண்டாம், உங்கள் கணவர் தன் அக்காவிடம் பேசட்டும். “கார்டு கடன் ஏறிவிட்டது, அடைத்து முடிக்கும் வரை எதுவும் வாங்க முடியாது அக்கா” என்று உள்ளதைச் சொன்னால் போதும்.

அவரிடம் இன்னொரு விஷயமும் சொல்லச் சொல்லுங்கள். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த நேரடி விற்பனை விதிகளின்படி, இந்தக் கம்பெனிகள் சேர்க்கைக் கட்டணம் வாங்கக் கூடாது. விற்கக்கூடிய நிலையில் இருக்கும் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் வைத்திருக்க வேண்டும். பரணில் பிரிக்காமல் இருப்பவற்றை பில்லோடு எடுத்து வையுங்கள். நாத்தனார் மூலமாகத் திருப்பிக் கொடுக்க முடியுமா, எவ்வளவு நாளுக்குள் என்று கம்பெனியில் கேட்கட்டும். அவர் வீட்டிலும் விற்காத சரக்கு தேங்கியிருக்கலாம், அவருக்கும் இது உதவும்.

கடனை அடைக்க வழி உங்களிடமே இருக்கிறது. ஆர்.டி. தரும் வட்டி வருடத்துக்கு ஆறு, ஏழு சதவீதம். கார்டுக்கு நீங்கள் கொடுப்பது வருடத்துக்கு நாற்பதுக்கு மேல். ஆர்.டி.யை இந்த வாரமே முடித்துவிடுங்கள். முன்கூட்டி முடிப்பதால் வட்டி கொஞ்சம் குறையும், பரவாயில்லை. கையில் வரும் ஏறத்தாழ 29,000-ஐ அப்படியே கார்டில் கட்டினால் பாக்கி பாதியாகிவிடும், மாத வட்டியும் 1,200-க்கு இறங்கிவிடும்.

இனி மளிகை ரொக்கத்தில்தான். கார்டுக்குக் கட்டிவந்த 3,000-ல் மளிகைக்கு 1,200 போனால் மீதி 1,800. ஆர்.டி.க்குப் போன 2,000, பாட்டில் மிச்சம் 350, ஆக மொத்தம் 4,150. மாதாமாதம் இதைக் கட்டினால் ஒன்பதாவது மாதத்தில் கடன் தீரும்.

சங்கிலியை வங்கியில் வைத்தால் வட்டியில் நாலாயிரத்துக்கு மேல் மிச்சமாகும், கணக்கில் தப்பில்லை. ஆனால் இன்று அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். கார்டு காலியானதும் அடுத்த டார்கெட் வந்து நிற்கும், அப்போது நகைக்கடன், கார்டு கடன் இரண்டும் சேர்ந்துகொள்ளும். முதலில் மூன்று மாதம் கார்டைத் தொடாமல் இருங்கள். அதில் ஒரு புது வாங்கலும் இல்லை என்று ஸ்டேட்மென்ட் காட்டினால், மீதிக்கு அடகு வைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

ஒரே மாதிரிக் கண்ணாடி ஜாடி செட்டை ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’, அதாவது வட்டியில்லாத் தவணை என்று யாராவது நீட்டினால் அதற்கும் இப்போது இடம் கொடுக்காதீர்கள். பிராசஸிங் கட்டணமும் வட்டி மேல் ஜி.எஸ்.டி.யும் உங்கள் தலையில்தான் விழும். கடன் முடிந்ததும் அந்த 4,150-ஐ எங்கே போடுவது என்று கேட்டு எழுதுங்கள், அப்போது விவரமாகப் பார்ப்போம்.