கிட்டார் கேள்வி–பதில்: ஹென்ட்ரிக்ஸின் ஃபஸ், நம் வீட்டில் மட்டும் ஏன் வண்டாகிறது?

அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் லண்டனில் வந்து இறங்கியது 1966 செப்டம்பரில். அதே ஆண்டுதான் அங்கே ஆர்பிட்டர் நிறுவனம், மைக் ஸ்டாண்டின் அடித்தட்டு போல வட்டமாக இருக்கும், கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் ஃபேஸ் பெடலை விற்பனைக்கு விட்டது. உள்ளே மொத்தம் பதினோரு உதிரிபாகங்கள்தான். அந்தப் பதினொன்றைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டார், புதிதாக வாங்கிய ஃபஸ் ஃபேஸ், 15 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப் வைத்திருக்கிறேன். எப்படித் திருகினாலும் தீப்பெட்டிக்குள் அடைத்த வண்டு மாதிரிதான் கேட்கிறது. பெடல் போலியா? – திருச்சி வாசகர்

பெடல் மேல் பழி போடாதீர்கள், ஆம்ப்பைப் பாருங்கள். ஹென்ட்ரிக்ஸ் ஃபஸ்ஸைச் செருகியது 100 வாட் மார்ஷல் ஆம்ப்பில். நான்கு ஈஎல் 34 வால்வுகள், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் நான்கு கொண்ட பெட்டிகள், வால்யூம் ஏறக்குறைய உச்சத்தில். பெடலை மிதிப்பதற்கு முன்பே அந்த ஆம்ப் கரகரத்துக்கொண்டுதான் இருக்கும். ஃபஸ் செய்வது அலையின் தலையையும் காலையும் வெட்டிச் சதுரமாக்கும் வேலை. வெட்டிய இடத்தின் கூர்முனைகள்தான் உங்களுக்குக் கேட்கும் ரீங்காரம். திணறும் வால்வுகளும் பெரிய ஸ்பீக்கரும் அந்த முனைகளை மழுக்கிவிடும். மெல்லிய ஒலியில் ஓடும் சுத்தமான டிரான்சிஸ்டர் ஆம்ப் அவற்றை அப்படியே வெளியே விடும்.

100 வாட் மார்ஷலை வாங்கி அக்கம்பக்கத்தைப் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சாதாரண ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை ஃபஸ்ஸுக்குப் பின்னால், ஆம்ப்புக்கு முன்னால் வையுங்கள். டிரைவ் கால்வாசி, டோன் பாதிக்குச் சற்றுக் கீழே, லெவல் கொஞ்சம் தூக்கலாக. மெதுவாக மீட்டினால் சுத்தமாகவும் அழுத்தினால் லேசாக உடைந்தும் கேட்க வேண்டும். அதை அணைக்கவே அணைக்காதீர்கள். இனி அதுதான் உங்கள் மார்ஷல். ஆம்ப்பில் பேஸை 3 அல்லது 4-க்கு இறக்குங்கள், மிட்டை 7-க்கு ஏற்றுங்கள், டிரெபிள் 5 போதும். மிட்டைக் குறைத்தால் தனியாக வாசிக்கும்போது இனிக்கும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகும். இவ்வளவும் முடிந்த பிறகு ஃபஸ்ஸை மிதியுங்கள்: ஃபஸ் குமிழ் உச்சத்துக்கு ஒரு மயிரிழை முன்னால், பெடல் வால்யூம் அணைத்திருக்கும்போது கேட்பதைவிடச் சற்று மேலே, கிட்டாரின் வால்யூம் 7 அல்லது 8.

ஹெட்ஃபோனிலோ கணினியிலோ வாசிப்பவர்களுக்குக் கடைசியில் ஸ்பீக்கர் பெட்டி சிமுலேஷன் கட்டாயம். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாக விழுந்துவிடும். அந்த வீழ்ச்சி இல்லாத ஃபஸ்ஸைக் காது தாங்காது.

கிட்டார் வால்யூமைக் குறைத்தால் ஃபஸ் தெளிந்துவிடும் என்கிறார்கள். எனக்கு 4 வரை இறக்கினாலும் அதே கரகரப்பு, ஒலியளவு மட்டும் குறைகிறது. – மதுரை வாசகர்

உங்கள் வரிசையில் முதலில் இருப்பது டியூனர் என்று எழுதியிருக்கிறீர்கள். விடை அங்கேயே இருக்கிறது.

மற்ற பெடல்களைப் போல ஃபஸ் ஃபேஸ் கிட்டாரின் சிக்னலை ஓரமாக நின்று வாங்குவதில்லை. அதன் உள்ளீட்டு இம்பிடன்ஸ் (சிக்னலுக்குக் காட்டும் எதிர்ப்பு) சில ஆயிரம் ஓம்தான், அதனால் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பகுதி) நேராகப் பிடித்து இழுக்கிறது. பிக்கப்பின் கம்பிச் சுருளும் கிட்டாரின் வால்யூம் பாட்டும் (குமிழுக்கு அடியிலுள்ள மாறும் ரெசிஸ்டர்) அந்தச் சர்க்யூட்டின் அங்கமாகவே ஆகிவிடுகின்றன. வால்யூமை 10-லிருந்து இறக்கும்போது நடுவே கூடுதல் ரெசிஸ்டன்ஸ் நுழைகிறது, ஃபஸ்ஸின் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) மளமளவென்று சரிகிறது. 10-ல் முழு ஃபஸ், 8-ல் ஓவர்டிரைவ், 6-ல் டிரெபிள் இன்னும் பளிச்சென்று நிற்கும் மணியோசை. ஹென்ட்ரிக்ஸின் தெளிவான ரிதம் வாசிப்பில் நிறைய இடங்களில் ஃபஸ் அணைக்கப்படவே இல்லை, சுண்டுவிரலால் வால்யூமைத் தணித்திருக்கிறார், அவ்வளவுதான்.

இடையில் பஃபர் (சிக்னலை வாங்கி, பிக்கப்பிலிருந்து பிரித்து அனுப்பும் சிறு சர்க்யூட்) ஒன்று வந்துவிட்டால் இந்த உறவு அறுந்துபோகும். பஃபர் உள்ள டியூனர், வயர்லெஸ் ரிசீவர், பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப் மூன்றும் இதே வேலையைத்தான் செய்யும். கிட்டாரை நேரே ஃபஸ்ஸில் செருகிப் பாருங்கள். வித்தியாசம் பத்து விநாடியில் தெரியும். தெரிந்தால் டியூனரை ஃபஸ்ஸுக்குப் பின்னால் தள்ளுங்கள். வயர்லெஸ்தான் வேண்டும் என்றால், சிறிய ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் ஒரு பக்கச் சுருளைத் தொடராக இணைத்து பிக்கப் போல நடிக்கவைக்கலாம். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டால்கூடக் காதைக் கிழிக்கும் டிரெபிள் அடங்கும். ஆனால் வால்யூம் குமிழின் அந்த நெளிவுசுளிவு முழுதாகத் திரும்பாது.

மல்டி எஃபெக்ட்ஸ் கருவி வைத்திருப்பவர்கள் உள்ளீட்டு இம்பிடன்ஸ் என்றொரு அமைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் இருப்பதிலேயே குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

நானே ஒன்று கட்ட ஆசை. ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் இணையத்தில் வாங்கலாமா? மதிப்புகள் தருவீர்களா? – கோவை வாசகர்

மதிப்புகள் சுலபம். ரெசிஸ்டர்கள்: 33 கிலோ ஓம், 8.2 கிலோ ஓம், 470 ஓம், 100 கிலோ ஓம். கெப்பாசிட்டர்கள்: உள்ளீட்டில் 2.2 மைக்ரோஃபாரட், ஃபஸ் குமிழின் பாட்டில் 22 (அந்தக் காலத்தில் 20), வெளியீட்டில் 0.01. ஃபஸ் பாட் 1 கிலோ ஓம் லீனியர், வால்யூம் பாட் 500 கிலோ ஓம் லாக். இரண்டு டிரான்சிஸ்டர். கணக்குச் சரி, பதினொன்று. ஒலி எடுக்கப்படுவது 470-ம் 8.2-ம் சந்திக்கும் இடத்திலிருந்து. அதனால் வெளியே வருவது சிறு பங்குதான். ஒலியளவு போதவில்லை என்றால் 470-ஐ 1 கிலோ ஓமாக மாற்றுங்கள்.

பாடுபடுத்துவது டிரான்சிஸ்டர்தான். பழைய பெடல்களில் இருந்தவை என்கேடி 275, ஏசி 128 போன்ற பிஎன்பி வகைகள். சர்க்யூட்டின் முதல் டிரான்சிஸ்டருக்கு கெயின் 70 முதல் 80, இரண்டாவது டிரான்சிஸ்டருக்கு 110 முதல் 130 இருந்தால் நல்லது. மல்டிமீட்டரின் எச்எஃப்இ (கெயின் அளக்கும்) ஓட்டையில் வைத்து 120 என்று காட்டினால் நம்பிவிடாதீர்கள். ஜெர்மேனியத்தில் ஒழுகும் மின்னோட்டம் அதிகம், மீட்டர் அந்த ஒழுகலையும் கெயினாகவே எண்ணிவிடும்.

நம்பகமாக அளக்கும் வழி இது. 9 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவை டிரான்சிஸ்டரின் எமிட்டர் காலில் கொடுங்கள். கலெக்டரிலிருந்து நெகட்டிவுக்கு 2.2 கிலோ ஓமையும் 270 ஓமையும் தொடராகப் போடுங்கள், சேர்த்து 2.47 கிலோ ஓம். பேஸ் (base) முனையை எதனோடும் இணைக்காமல் தொங்கவிட்டு, அந்த இரண்டு ரெசிஸ்டர்களின் குறுக்கே வோல்ட்டேஜைப் பாருங்கள். இது முழுக்க ஒழுகல். 0.5 வோல்ட்டுக்குக் கீழே என்றால் 200 மைக்ரோ ஆம்பியருக்குள் இருக்கிறது, வைத்துக்கொள்ளலாம். இப்போது பேஸ் முனையை 2.2 மெகா ஓம் வழியாக நெகட்டிவோடு இணையுங்கள். பேஸில் ஓடுவது சுமார் 4 மைக்ரோ ஆம்பியர். புதிய அளவிலிருந்து பழைய அளவைக் கழித்து நூறால் பெருக்கினால் கெயின். முதலில் 0.25, பிறகு 1.40 என்றால் உண்மையான கெயின் 115. அளக்கும்போது விரலால் பிடிக்காதீர்கள்: உடம்புச் சூட்டுக்கே எண் ஏறும். தொட்டுவிட்டால் இரண்டு நிமிடம் ஆறவிட்டுப் படியுங்கள்.

போர்டில் சால்டர் வைக்கும்போது டிரான்சிஸ்டரை நேரடியாகப் பற்றவைக்காமல் சாக்கெட் போடுங்கள். ஜெர்மேனியம் சூடு தாங்காது. 8.2 கிலோ ஓமுக்குப் பதில் 20 கிலோ ஓம் டிரிம் பாட் வைத்து, இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 4.5 வோல்ட் வரும்வரை திருகுங்கள். பிஎன்பி என்பதால் மீட்டரில் மைனஸ் காட்டும், பயப்பட வேண்டாம். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் துருவமும் இங்கே தலைகீழ். எதிர்த் துருவ வகையான என்பிஎன் வரைபடத்தைப் பார்த்து இங்கே பொருத்தி, ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம்.

இணையத்தில் வாங்குவதென்றால், ஒழுகலும் கெயினும் அளந்து எழுதி விற்பவரிடம் வாங்குங்கள். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் ஐம்பது குப்பை சேர்ப்பதில் லாபம் இல்லை.

மே மாதத் திறந்தவெளி மேடையில் என் ஜெர்மேனியம் ஃபஸ் பாதிப் பாட்டில் விக்கி விக்கிச் செத்துவிட்டது. மறுநாள் வீட்டில் ஏசி அறையில் சரியாக வேலை செய்கிறது! – சென்னை வாசகர்

பழுது ஒன்றும் இல்லை, அதன் பிறவிக் குணம் அது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஒழுகும் மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 24 டிகிரி அறையில் 4.5 வோல்ட்டில் நிறுத்தியது, வெயிலில் சுடும் உலோகப் பெட்டிக்குள் எங்கோ நகர்ந்துவிடும். ஸ்வரம் முழுதாக நீளாமல் அறுந்து அறுந்து விழுவது அதனால்தான். டிரிம் பாட்டுக்குப் பதிலாக வெளியே ஒரு பயாஸ் குமிழ் (அந்த வோல்ட்டேஜைச் சரிசெய்யும் குமிழ்) வைத்துவிடுங்கள். மேடை ஏறியபின் ஒரு ஸ்வரத்தை நீளவிட்டு, அது வழவழப்பாக அடங்கும்வரை திருகினால் ஆயிற்று.

திறந்தவெளி நிகழ்ச்சிகளே அதிகம் என்றால் சிலிக்கானுக்கு மாறுவதுதான் எங்கள் யோசனை. பிசி 108, பிசி 183 போன்றவை வெயிலுக்கு அசையாது. ஹென்ட்ரிக்ஸே பிந்தைய ஆண்டுகளில் சிலிக்கான் ஃபஸ் ஃபேஸ்தான் வாசித்தார், ஆகவே மரபு மீறல் என்று யாரும் சொல்ல முடியாது. ஒலி கூர்மையாக இருக்கும், வால்யூமைத் தணித்தால் ஜெர்மேனியம் அளவுக்கு இனிமையாகத் தெளியாது. கெயின் கூடுதல் என்பதால் சில நேரம் வானொலி நிலையமே உள்ளே வந்து பாடும். டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே 100 பிகோஃபாரட் போட்டால் வாயை மூடும்.

வா பெடலை (மிதிக்க மிதிக்க ஒலி ‘வா வா’ என்று மாறும் பெடல்) ஃபஸ்ஸுக்கு முன் வைத்தால் ‘கீச்’ என்று ஊளையிடுகிறது. வா ஒலியும் வரவில்லை. பின்னால் வைத்தால் சரியாக இருக்கிறது. ஹென்ட்ரிக்ஸ் எப்படி வைத்தார்? – கொழும்பு வாசகர்

வா முதலில், அடுத்து ஃபஸ், அதன்பின் யூனிவைப், கடைசியில் ஆம்ப். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் மேடையிலும் இதே வரிசைதான். யூனிவைப் என்பது ஒரு சிறு விளக்கையும் அதைச் சுற்றி நான்கு ஒளி உணரிகளையும் வைத்து ஒலியைச் சுழற்றும் ஜப்பானியக் கருவி. ஃபஸ்ஸுக்குப் பின் வந்தால்தான் அந்தச் சுழற்சி தடிமனாகக் கேட்கும்.

ஊளைக்குக் காரணம் மதுரை வாசகருக்குச் சொன்ன அதே சங்கதி. குறைந்த இம்பிடன்ஸ் உள்ள ஃபஸ், வா பெடலின் வெளியீட்டை அமுக்கிப் பிடிக்கிறது, அதன் ஃபில்டர் அசைய வழியில்லாமல் போகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பஃபர் பெடலை வைத்தால் வா உயிர்பெறும். ஆனால் வாவை அணைத்தபின்னும் பஃபர் அங்கேயே நிற்கும், உங்கள் கிட்டார் வால்யூம் வித்தை போச்சு. எனவே ஒற்றை டிரான்சிஸ்டர் பஃபரை வா பெடலுக்கு உள்ளேயே, சுவிட்ச்சுக்கு முன்னால், வெளியீட்டில் பொருத்தச் சொல்லுங்கள். அணைத்ததும் அதுவும் விலகிவிடும். பெடலைத் திறக்க மனமில்லையா? ஃபஸ் குமிழைக் கொஞ்சம் இறக்குங்கள், கிட்டார் வால்யூமை 8-ல் வையுங்கள். ஊளை நிற்கும், வா முக்கால்வாசி வரும்.

பவர் சப்ளையில் எல்லாப் பெடலும் ஓடுகிறது, ஜெர்மேனியம் ஃபஸ்ஸைச் செருகியதும் மொத்தமும் அணைகிறது. – சேலம் வாசகர்

பிஎன்பி ஃபஸ்ஸில் பாசிட்டிவ்தான் எர்த். மற்றவற்றில் நெகட்டிவ் எர்த். ஒரே ஒயரில் கோத்தால் ஆடியோ கேபிளின் உறை வழியாக இரண்டும் சேர்ந்து ஷார்ட். தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட வெளியீடு உள்ள சப்ளை வேண்டும், அல்லது பேட்டரி. ஃபஸ் இழுப்பது 1 மில்லி ஆம்பியருக்கும் குறைவு, ஒரு பேட்டரி மாதக்கணக்கில் வரும். விலை மலிந்த கார்பன் ஜிங்க் பேட்டரியே போதும், அல்கலைனுக்குச் செலவழிக்காதீர்கள். வாசித்து முடித்ததும் இன்புட் ஜாக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்ச்சை அணைத்தால் மட்டும் மின்சாரம் நிற்காது.

‘பர்ப்பிள் ஹேஸ்’ சோலோவில் மேல் ஸ்தாயி ஒன்று கூடவே விசிலடிக்கிறதே? – புதுச்சேரி வாசகர்

அது ஃபஸ் ஃபேஸ் இல்லை. ரோஜர் மேயர் செய்துகொடுத்த ஆக்டேவியா, 1967 பதிவு. அலையின் கீழ்ப்பாதியை மேலே மடித்துவிடுவதால் ஒரு ஸ்தாயி உயர்ந்து கேட்கிறது. கழுத்துப் பக்கப் பிக்கப், டோன் 2 அல்லது 3, பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேல், ஒரே ஒரு தந்தி. இரண்டு தந்தியைச் சேர்த்து மீட்டினால் தகரம் கிழிவது போல இருக்கும்.

வலக்கைக் கிட்டாரைத் தலைகீழாக்கித் தந்தி மாட்டினால்தான் அந்த ஒலி வருமா? – ஈரோடு வாசகர்

பாலத்துப் பிக்கப்பின் சாய்வு மாறுவதால் கீழ் ஸ்தாயித் தந்திகள் இறுக்கமாகவும் மேல் ஸ்தாயித் தந்திகள் சற்று உருண்டும் கேட்கும். அதற்காகக் கிட்டாரைக் கவிழ்க்க வேண்டாம். 10 முதல் 38 வரையிலான (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) மெல்லிய தந்திகளைப் போட்டு, எல்லாவற்றையும் அரை ஸ்வரம் இறக்கி ஈ ஃபிளாட்டில் சுருதி சேருங்கள். அவர் பயன்படுத்திய நீளமான சுருள் கேபிள் டிரெபிளைக் கொஞ்சம் விழுங்கிவிடும். உங்கள் டோன் குமிழை 7-க்கு இறக்கினால் கேபிள் செலவு மிச்சம். பழைய பாணி ஸ்ட்ராட்டில் பாலத்துப் பிக்கப்புக்கு டோன் குமிழே கிடையாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.