நட்சத்திரத்தைப் பார்த்து ஜிபியை மாற்றலாமா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். மாமனாருக்கு 71 வயது, பல வருடமாகச் சர்க்கரை. எங்கள் ஜிபிக்கு (பதிந்துவைத்திருக்கும் குடும்ப டாக்டர் கிளினிக்) கூகுளில் இரண்டு நட்சத்திரம்தான், ஒரே திட்டு. ஆனால் சிக்யூசி (இங்கிலாந்தில் மருத்துவ இடங்களைச் சோதித்து மதிப்பிடும் அமைப்பு) இணையதளத்தில் 'குட்' என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது? வேறு இடத்துக்கு மாறிவிடலாமா?

பதில்: கூகுளில் ஒற்றை நட்சத்திரம் போட்டிருப்பவர்கள் எழுதியதை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். காலை எட்டு மணிக்குப் போன் போட்டு லைன் கிடைக்கவில்லை, ரிசப்ஷனில் முகம் கொடுத்துப் பேசவில்லை, இப்படித்தான் நிறைய இருக்கும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் உள்ளே நடக்கிற வைத்தியம் எப்படி என்று அதில் தெரியாது.

சிக்யூசி பெரும்பாலும் நேரில் வந்து பார்த்து மதிப்பிடுகிறது, பாதுகாப்பு, சிகிச்சையின் பலன், அக்கறை, நோயாளியின் தேவைக்கு ஈடுகொடுப்பது, நிர்வாகம் என்று ஐந்து பிரிவாக. அதில் முதலில் பார்க்க வேண்டியது தேதியை. பல ஜிபிக்களின் மதிப்பீடு சில வருடம் பழையது, அதற்குள் டாக்டர்களே மாறியிருப்பார்கள். 'குட்' என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்தாமல் அறிக்கையைத் திறந்து படியுங்கள்.

இந்த இரண்டையும்விட நான் நம்புவது வருடாவருடம் வரும் ஜிபி பேஷன்ட் சர்வேயை. டாக்டர் காதுகொடுத்துக் கேட்டாரா, அவர்மேல் நம்பிக்கை வந்ததா என்றெல்லாம் நோயாளிகளிடமே கேட்டு, ஒவ்வொரு ஜிபிக்கும் தனித்தனியாக முடிவை வெளியிடுகிறார்கள். உங்கள் ஜிபியையும் பக்கத்துத் தெரு ஜிபியையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதையும் கவனியுங்கள், ஆள் குறைவாக இருந்தால் சதவீதம் கண்டபடி ஏறி இறங்கும்.

சரி, இதெல்லாம் ஊருக்குப் பொது. உங்கள் வீட்டுக்கு எது நல்ல ஜிபி என்பதை மாமனாரின் சர்க்கரையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். சர்க்கரை உள்ளவருக்கு வருடத்துக்கு ஒரு முறையாவது எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சராசரிச் சர்க்கரை), ரத்த அழுத்தம், கொழுப்பு, சிறுநீரகத்துக்காக ரத்தமும் சிறுநீரும், எடை, புகைப்பழக்கம் பற்றிய விசாரிப்பு, கால் பரிசோதனை எல்லாம் நடக்க வேண்டும். (கண்ணைப் படம் எடுப்பது தனி ஏற்பாடு, அதற்குக் கடிதம் வேறிடத்திலிருந்து வரும்.) மாமனாரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: போன ஒரு வருடத்தில் யாராவது காலுறையைக் கழற்றச் சொன்னார்களா? ஒழுங்கான பரிசோதனை என்றால் இரண்டு காலுறையையும் கழற்றவைத்து, கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் கால்விரல் நுனியிலும் பாதத்திலும் தொட்டு, "தெரிகிறதா, தெரிகிறதா" என்று கேட்பார்கள், நாடித்துடிப்பும் பார்ப்பார்கள். உணர்ச்சி மரத்த காலில் புண் வந்தால் வலிக்காது, அதனால் தெரியாமலே முற்றிவிடும். இவ்வளவும் தாங்களாகவே கூப்பிட்டுச் செய்கிற ஜிபி என்றால் போனில் காத்திருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பேன். சிறுநீர் கேட்டதே இல்லை, காலைப் பார்த்ததே இல்லை என்றால் முதலில் போய் அந்தப் பரிசோதனையைக் கேளுங்கள். கேட்டும் நடக்கவில்லையா, மாறுங்கள்.

மாறுவதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை, காசும் இல்லை. புது இடத்தில் பதிந்தால் போதும், பழைய கோப்பு தானாக வந்துவிடும். ஆனால் இப்போதைய ஜிபியில் மாமனாரை நன்றாகத் தெரிந்த ஒரு டாக்டர் இருந்தால் அவசரப்படாதீர்கள். நார்வேயில் நடந்து 2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஒரே ஜிபி டாக்டரிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு, புதிதாகச் சேர்ந்தவர்களைவிட இறப்பு வாய்ப்பு கால்வாசி குறைவாக இருந்தது.

கேள்வி: அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. ஜிபியில் "யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்கிறார்கள், 13 வயது மகன்தான் போய் மொழிபெயர்க்கிறான். இது சரியா?

பதில்: சரியே இல்லை. தன் மாதவிடாய்ப் பிரச்சினையைப் பாட்டி பேரன் வாயால் எப்படிச் சொல்வார்? பாதியை மறைத்துவிடுவார், மருந்தும் தப்பாகப் போகும். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) வழிகாட்டுதலே சொல்கிறது. மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு, உங்களுக்குச் செலவில்லை. நேரம் குறிக்கும்போதே "தமிழ் இன்டர்ப்ரெட்டர் வேண்டும், இரட்டை அப்பாயின்ட்மென்ட் வேண்டும்" என்று கேளுங்கள், பேச்சு இரண்டு முறை போய்வர வேண்டியிருப்பதால் பத்து நிமிடம் போதாது. பெண்தான் வேண்டும் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மறுத்தால் பிராக்டிஸ் மேனேஜருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அவரிடம் கொடுக்கத் தயக்கமாக இருந்தால் உங்கள் பகுதி ஐசிபிக்கு (அந்தப் பகுதி மருத்துவச் சேவையைக் கவனிக்கும் என்எச்எஸ் அமைப்பு) நேரடியாக எழுதலாம். பொதுவாக 12 மாதத்துக்குள் எழுத வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் அதற்கு மேல் ஓம்பட்ஸ்மன் (புகாரைத் தனித்து நின்று விசாரிக்கும் அதிகாரி) இருக்கிறார்.