யூதர்கள் அண்டை அயலாரோடு ஒத்து வாழ்ந்த வரலாறு உண்டா?

“எந்த நாட்டுக்குப் போனாலும் யூதர்களுக்கும் அங்கிருந்த மக்களுக்கும் ஒத்துப்போகவில்லை என்கிறார்களே, உண்மையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில்லை. ஐரோப்பாவில் நடந்ததை மட்டுமே படித்தவர்களுக்கு அப்படித் தோன்றலாம். இன்றைய இஸ்ரேல் அரசு செய்வதை வைத்து ஒரு மக்களின் ஆயிரமாண்டு வாழ்க்கையை எடைபோடுகிறவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த மறுப்பு மிக அருகிலேயே, கொச்சியில் இருக்கிறது.

கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் (இன்றைய கொடுங்ஙல்லூர்) இருந்தபடி ஒரு செப்பேடு வழங்கினான். பெற்றவர் யூத வணிகர் தலைவர் ஜோசப் ரப்பான். ஏட்டில் அவர் பெயர் ‘ஈசுப்பு இரப்பான்’. வட்டெழுத்தில் அமைந்த அந்த ஏட்டின் வாசகத்தை முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அகராதி இல்லாமலேயே பாதி புரிந்தது. பகல் விளக்கு, பாவாடை, குடை, தோரணம் எல்லாம் நம் சொற்கள்தாமே! பாவாடை என்பது இங்கே உடையில்லை. பெரியவர்கள் நடந்துவரத் தரையில் விரிக்கும் துணி. நடைபாவாடை விரிப்பது என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா, அதுதான். இப்படி எழுபத்திரண்டு விடுபேறுகள், அதாவது உரிமைகள். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவும் அவருக்கே. சுங்கம் கட்ட வேண்டியதில்லை. ஊரில் மற்றவர்கள் அரசனுக்குச் செலுத்தும் வரிகளையும் செலுத்த வேண்டியதில்லை. இவை அவருடைய ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் மருமக்களுக்கும் தொடரும் என்கிறது ஏடு. வேணாடு, வள்ளுவநாடு முதலிய நாடுகளை ஆண்டவர்கள் சாட்சி.

மன்னன் இதைத் தர்மத்துக்காக மட்டும் செய்யவில்லை. மிளகு வணிகத்துக்குக் கடல் கடந்த தொடர்புள்ளவர்கள் தேவைப்பட்டார்கள். ஆனாலும் வந்தவர்களைத் தயவில் வாழும் விருந்தாளிகளாக வைக்காமல், உரிமையை உலோகத்தில் எழுதிக் கொடுத்தானே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒத்து வாழ்வதற்கு நல்ல மனம் மட்டும் போதாது. எழுதிவைத்த உரிமையும் வேண்டும்.

கொச்சியின் மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்துக்குப் போயிருக்கிறேன். பரதேசி என்றால் இங்கே வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று பொருள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேறு நாட்டு யூதர்கள் ஜெப ஆலயத்துக்குள் காலணியோடு போவது வழக்கம். கொச்சி யூதர்கள் வெறுங்காலோடுதான் போனார்கள். காலடியில் சில்லென்று நீலப்பூ போட்ட ஓடுகள், 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்தவை. ஒரு பக்கம் சுவருக்கு அப்பால் அரண்மனையின் பழையன்னூர் பகவதி கோயில். இரண்டுக்கும் பொதுவாக ஒரே சுவர்! நிலம் கொடுத்தவர் கொச்சி ராஜா. நான் உள்ளே நின்றிருந்தபோது கோயில் மணி அடித்தது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக இங்கே தொழுதவர்கள் இந்த மணியைக் கேட்டுக்கொண்டேதான் தொழுதிருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

திருமணத்தில் தாலி கட்டினார்கள். வீட்டில் மலையாளம் பேசினார்கள். தங்கள் வேதமான தோராவை மட்டும் விடவில்லை.

எல்லாமே தேனும் பாலுமாக இருந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். போர்ச்சுகீசியர் வந்து மிளகு வணிகத்தில் புகுந்தபின் கடற்கரையெங்கும் பகை மூண்டது. 1524இல் கொடுங்ஙல்லூரில் முஸ்லிம்கள் யூதர்களைத் தாக்கினார்கள். தப்பியவர்களில் பலர் கொச்சிக்கு ஓடிவந்தார்கள். 1662இல் யூதர்கள் டச்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்ற கோபத்தில் போர்ச்சுகீசியர் பரதேசி ஜெப ஆலயத்துக்குத் தீ வைத்தார்கள். அடுத்த ஆண்டே கொச்சி டச்சுக்காரர் கைக்கு வந்தது, ஆலயமும் மீண்டும் எழுந்தது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. சுற்றியிருந்தவர்களிடமிருந்து தாலியை எடுத்துக்கொண்டவர்கள் சாதியையும் எடுத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் வந்த பரதேசிகளான ‘வெள்ளை யூதர்’ பழைய மலபார் யூதர்களோடு மண உறவு கொள்ளவில்லை. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்களுக்குப் பரதேசி ஆலயத்துக்குள் சம இடம் தரவில்லை. அந்த வழியில் பிறந்தவர்தான் ஆபிரகாம் பராக் சேலம். சென்னையில் சட்டம் படித்தவர், 1929 லாகூர் காங்கிரசுக்குப் போனவர். காந்தியிடம் கற்ற சத்தியாகிரகத்தைத் தம் மக்களின் தொழுகைக் கூடத்துக்குள்ளேயே நடத்தி, அந்தத் தடைகளை ஒவ்வொன்றாக விழச்செய்தார். ‘யூத காந்தி’ என்று அவரை அழைத்தது முற்றிலும் தகும். என்னைக் கேட்டால், கொச்சி யூத வரலாற்றில் செப்பேட்டுக்கு அடுத்துச் சொல்ல வேண்டிய பெயர் இவருடையதுதான்.

பிறகு ஏன் போனார்கள் என்று கேட்பீர்கள். யாரும் விரட்டவில்லை. 1948இல் இஸ்ரேல் உருவானது. தலைமுறை தலைமுறையாக ஜெபத்தில் சொல்லிவந்த எருசலேமுக்குப் போகும் வழி திறந்தது. 1950களில் பெரும்பாலோர் கப்பலிலும் விமானத்திலும் கிளம்பினார்கள். பலரைப் பயணம் அனுப்பிவைக்க அலைந்தவர்களில் சேலமும் ஒருவர். அவர் 1967இல் கொச்சியிலேயே காலமானார். அடுத்த ஆண்டு ஆலயத்தின் 400ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், அஞ்சல்தலையும் வெளியானது. அதற்குள் ஆலயத்தைச் சுற்றிய யூதர் தெருவில் சில குடும்பங்களே எஞ்சியிருந்தன.

போனவர்களில் ஒரு பகுதியினர் நெகேவ் பாலைவனத்தில் நெவாத்திம் என்ற ஊரில் குடியேறினார்கள். பெட்டிகளில் அவர்கள் கொண்டுபோனவற்றுள் பழைய நோட்டுப் புத்தகங்களும் இருந்தன. கல்யாணத்திலும் பண்டிகையிலும் பாட, யூதப் பெண்கள் மலையாள எழுத்தில் தங்கள் கையாலேயே எழுதிவைத்த பாட்டுகள் அவை.