பிள்ளைக்குப் பண்பு சொல்லித்தர எந்த வகுப்பில் சேர்க்கலாம்?

ஏழு வயதுப் பையன் மரியாதை இல்லாமல் பேசுகிறான், பண்பு வகுப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையோடு இருக்க ஞாயிறு ஒரு நாள்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

வகுப்பு என்றதும் எனக்கு மலேசியாவில் ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் நன்னெறிக் கல்விதான் ஞாபகம் வருகிறது. 2000களில் நாங்கள் படித்தபோது 36 நெறிகள். ஒவ்வொன்றுக்கும் விளக்கத்தை மலாயில் சொல் பிசகாமல் எழுதினால்தான் புள்ளி. மரியாதைக்கான விளக்கத்தைக் கடகடவென்று ஒப்பிப்பவனே கேன்டீன் அக்காவை ‘ஏய்’ என்பான்.

எங்களுக்கு பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இப்போது தோட்டம் முழுக்கச் செம்பனை, தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயமும் போய்விட்டது, டவுனில் என்னோடு இருக்கிறார். போன மாதம் சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசைக்காரர் வங்காளதேசப் பையனை “டேய் பங்களா, தண்ணி எங்கடா?” என்று கத்தினார். அதே பையன் எங்களுக்கு இலை போட வந்தபோது அம்மா மலாயில், “சூடா மாக்கான், தம்பி?” என்றார். சோறு போடுகிறவனிடமே சாப்பிட்டாயா என்று கேட்கிற ஆள் எங்கள் அம்மாதான்! என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் ஒரு நாள் குப்பை லாரி வந்தது. வாசலுக்கு ஓடி அதில் நின்ற இந்தோனேசியக்காரரிடம் அதே கேள்வியைக் கேட்கிறான். அவர் “பெலும்”, இன்னும் இல்லை, என்று சொல்லிவிட்டார். என் மனைவி அவசரமாக உள்ளே போய் வடை எடுத்து வரவேண்டியதாயிற்று.

அம்மாவுக்கு இது எங்கிருந்து வந்தது என்றால், பால் நிறுக்கும் கொட்டகையில் கணக்கு எழுதும் மகன் வயது கிராணி “ஏய், அடுத்தது” என்பானாம். “செக்ரோலில்தான் (ஆள் பதிவேடு) பேர் இருக்கே, பார்த்துக் கூப்பிட்டா வாய் வலிக்குமா?” என்று இன்றைக்கும் சொல்வார்.

உடனே ‘அப்போ திருக்குறள் வேண்டாமா’ என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். தோட்டத்து ஜனமெல்லாம் தங்கம் என்றும் நான் சொல்லவில்லை. கள்ளுக்கடை வாசலில் கேட்ட வார்த்தைகளும் எனக்கு மனப்பாடம். ஆனால் லயத்தில் நடுச்சுவர் கூரைவரை போகாது. பக்கத்து வீட்டைப் பற்றிப் பேசினால் பக்கத்து வீட்டுக்கே கேட்கும். பெரியவர்கள் நாக்கை அடக்கித்தான் ஆகவேண்டும், பிள்ளைகளும் அதைப் பார்த்தே வளர்ந்தார்கள். இப்போது அடைத்த வீட்டுக்குள் அண்ணியைப் பற்றி, வாத்தியாரைப் பற்றி என்னென்ன பேசுகிறோம்!

லயம் என்றதும் இன்னொன்று. இடித்தபோது வீடு தருகிறோம் என்றார்கள். தேர்தலுக்குத் தேர்தல் வீடு வரும் என்ற பலகை மட்டும் புதிதாகிறது, எங்கள் பழைய ஜனம் இன்னும் வாடகை கட்டுகிறது. இதைக் கேட்டால் ‘எஸ்டேட்காரன் கத்துறான்’ என்கிறார்கள்.

சரி, வகுப்பில் சேர்ப்பது என்றால் சேருங்கள். என் மகனும் ஞாயிறு காலை கோயில் வகுப்புக்குப் போகிறான். தேவாரம் நன்றாகச் சொல்லித்தருகிறார்கள்.