உப்புநீர்த் தொட்டிக்கு எந்த மீன் அழகு?

பெரம்பூர்: அண்ணா, முதல் தடவையா கடல் மீன் வாங்கப் போறேன். எது வாங்கலாம்?

கோமாளி மீன் ஜோடி, தம்பி. ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை, பட்டையின் ஓரத்தில் மை தீட்டியது போல் கறுப்புக் கோடு. பண்ணையில் பொரித்த குஞ்சுகள் இரண்டைக் கேட்டு வாங்குங்கள். இரண்டில் பெரியது பெண்ணாகிவிடும். அது செத்தால் மிச்சமிருக்கும் ஆண் பெண்ணாக மாறும். சின்னது பெரியதன் எதிரே உடம்பைச் சாய்த்து வெடவெடவென்று நடுங்கும். நோய் என்று பயந்து மருந்து ஊற்றாதீர்கள், அது பணிந்து போகிறது, அவ்வளவுதான். கடலில் அது குடியிருக்கும் அனிமோன் (கடல் சாமந்தி) இல்லாமலே தொட்டியில் நன்றாக வாழும்.

திருவான்மியூர்: சார், பீச் பக்கத்துலயே இருக்கு. கேன்ல கடல் தண்ணி பிடிச்சு ஊத்தலாமா?

வேண்டாம். அடையாறும் கூவமும் வந்து கலக்கிற கரை இது. ஆர்.ஓ. தண்ணீரில் மரைன் சால்ட் (கடல் மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்பு) கரையுங்கள், லிட்டருக்குச் சுமார் 35 கிராம். அடர்த்திமானி 1.025 காட்ட வேண்டும். பிறகு நாலிலிருந்து ஆறு வாரம் மீன் விடாமல் தொட்டி ஓடட்டும். மீனுக்கு விஷமான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் மீன் வாங்கக் கொளத்தூர் மீன் சந்தைப் பக்கம் போக வேண்டும்.

அண்ணா நகர்: தினமும் ஒரு விரல்கடை தண்ணி குறையுது. உப்புத் தண்ணி ஊத்துறேன், மீன் மூச்சு வாங்குது சார்.

அம்மா, ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நீங்கள் உப்பின் மேல் உப்பு சேர்த்திருக்கிறீர்கள். இனி வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான். ஏறிய உப்பையும் இரண்டு மூன்று நாளில் மெதுவாக இறக்குங்கள். மே மாத வெயிலுக்குச் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் முடியாது, 26 டிகிரியில் வையுங்கள்.

வேளச்சேரி: பொண்ணு நீல டாங்தான் வேணும்னு அடம். தொட்டி ரெண்டடி.

அந்த மீனே ஓரடி வளரும், ஆறடித் தொட்டி கேட்கும். பாதி ஊதா, பாதி மஞ்சளாக இருக்கும் ராயல் கிராமாவைக் காட்டுங்கள். மூன்று அங்குலம்தான்.

கொளத்தூர்: மாண்டரின் மீன் எப்படி அண்ணா?

நான் பார்த்ததிலேயே பேரழகு அதுதான். பெரும்பாலான மீன்களின் நீலம் ஒளி பட்டுத் தெறிப்பது, இதற்குத் தோலிலேயே நீல நிறமி உண்டு. ஆனால் நாள் முழுக்கக் கோப்பிபாட் என்ற பொடி உயிர்களைப் பொறுக்கித் தின்னும். புதுத் தொட்டியில் பட்டினியால் சாகும். வயிறு ஒட்டியிருந்தால் வாங்கவே வாங்காதீர்கள், பழைய தொட்டி இருந்தாலும்.

போரூர்: கடற்குதிரை கிடைக்குமா சார்?

கேட்காதீர்கள். 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள்.

தாம்பரம்: என் பாங்காய் கார்டினல் மீன்ல ஒண்ணு ஒரு வாரமா சாப்பிடல. தாடை வீங்கியிருக்கு. தனியா எடுத்து மருந்து போடவா?

வலையைக் கீழே வையுங்கள், தம்பி! அது அப்பா. முட்டைகளை வாயில் வைத்துக் காப்பது ஆண்தான். குஞ்சுகளும் சில நாள் அங்கேயே இருக்கும். மூன்று நான்கு வாரம் சாப்பிடாது. மிரட்டினால் துப்பிவிடும். விளக்கைக் குறைத்து, குஞ்சுகளுக்குத் தீனியாக அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியாவுக்கு (குட்டி உப்புநீர் இறால்) இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். குஞ்சு வெளியே வந்ததும் எழுதுங்கள், எத்தனை என்று எண்ணி.