சட்டைப்பையில் இருந்த கடிதம்

ஐயா,

வணக்கம். நான் பள்ளி ஆசிரியர். எங்கள் பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு ஒரு மாணவி உரை எழுதிக் கொண்டுவந்திருக்கிறாள். அமெரிக்காவில் டென்னசி மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஹாரி பர்ன், அம்மா எழுதிய கடிதத்தைப் படித்து மனம் மாறி ஒரே வாக்கில் பெண்களுக்கு வாக்குரிமை வாங்கித் தந்தார் என்கிறாள். நம்பும்படி இல்லை. உண்மையா? அந்த மனிதர் பிறகு என்ன ஆனார்?

கே.

அன்புள்ள கே.,

கடிதம் உண்மை. ‘மனம் மாறி’ என்பதில்தான் எனக்குத் தகராறு.

1920 ஆகஸ்டில் நிலைமை இது: பெண் வாக்குரிமைக்கான அமெரிக்க அரசமைப்பின் 19ஆவது திருத்தத்துக்கு அன்றிருந்த 48 மாநிலங்களில் 36 ஒப்புதல் தர வேண்டும். 35 தந்துவிட்டன. டென்னசியின் மேலவை 25க்கு 4 என்று எளிதாக நிறைவேற்றிவிட்டது. கீழவையில் இழுபறி. ஆதரவாளர்கள் மஞ்சள் ரோஜா, எதிர்ப்பாளர்கள் சிவப்பு ரோஜா. அவையிலேயே இளையவரான, 24 வயது ஹாரி பர்ன், ஆகஸ்ட் 18 காலையில் கோட்டில் குத்தியிருந்தது சிவப்பு. சட்டைப்பைக்குள் இருந்தது அம்மாவின் கடிதம்.

அம்மா ஃபெப் பர்ன் நயோட்டா என்ற சிற்றூரில் பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்த விதவை. ஏழு பக்கக் கடிதத்தில் ஊர்ச் செய்திகளுக்கு நடுவே, வாக்குரிமைக்கு வாக்களி, அவர்களைச் சந்தேகத்தில் வைக்காதே என்று எழுதுகிறார். நீ எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஒன்றும் தெரியவில்லையே என்று ஒரு குத்தலும் உண்டு. நல்ல பிள்ளையாக ‘திருமதி கேட்’டுக்கு உதவச் சொல்லும் இடத்தில் ஒரு சிலேடை. கேட் என்பது வாக்குரிமை இயக்கத் தலைவியின் பெயர். காதில் விழும்போது அது பூனை. ஒப்புதல் என்பதற்கான ஆங்கிலச் சொல்லோ (ratification) எலியில் (rat) தொடங்கும். அந்தப் பூனை இந்த எலியை அதன் இடத்தில் வைக்க மகன் உதவ வேண்டுமாம். தமிழுக்குக் கொண்டுவந்தால் செத்துவிடும் சிலேடை, ஆனாலும் அந்த அம்மாளின் குரல் கேட்டுவிடுகிறது.

முதலில், தீர்மானத்தைக் கிடப்பில் போடலாமா என்று வாக்கெடுப்பு. பர்ன் ‘போடலாம்’ என்றே வாக்களித்தார், கடிதம் பையில் இருக்கும்போதே! முடிவு 48-48. எதிர்ப்பாளர்களோடு சேர்ந்து வாக்களிப்பார் என்று எண்ணப்பட்ட பாங்க்ஸ் டர்னர் என்ற ஜனநாயகக் கட்சிக்காரர் ‘போடக்கூடாது’ என்று வாக்களித்ததால் வந்த சமநிலை அது. கிடப்பில் போடும் முயற்சி தோற்றது. அடுத்து, ஒப்புதலுக்கே வாக்கெடுப்பு. இங்கேயும் சமநிலை வந்தால் திருத்தம் செத்தது என்பது சபாநாயகர் சேத் வாக்கரின் கணக்கு. அகரவரிசையில் பர்னின் பெயர் முன்னாலேயே வந்துவிடும். ‘ஆம்’ என்றார். டர்னர் தன் முறை வந்தபோது வாய் திறக்கவில்லை, கடைசியில் எழுந்து அவரும் ‘ஆம்’ என்றார். 49-47. மறுபரிசீலனை கோரும் உரிமைக்காக, எதிர்ப்பாளரான வாக்கர் தன் வாக்கை ‘ஆம்’ என்று மாற்றிக்கொண்டார், அந்த உரிமையும் பயன்படவில்லை.

ஆக, ஒரே வாக்கு என்றால் அது டர்னருடையதும்தான். அவர் பையில் கடிதம் இல்லை, அதனால் கதையும் இல்லை.

லஞ்சம் வாங்கினார் என்று பழி வந்ததும், மறுநாள் பர்ன் அவைக் குறிப்பில் தன் காரணங்களைப் பதிவு செய்தார். வாக்குரிமை பெண்களின் உரிமை என்று நம்புகிறேன். அம்மாவின் அறிவுரையைக் கேட்பதே மகனுக்குப் பாதுகாப்பு. ஒரு கோடியே 70 லட்சம் பெண்களை விடுவிக்கும் வாய்ப்பு மனிதனுக்கு எளிதில் கிடைக்காது. இவற்றோடு ஒன்றையும் சேர்த்தார்: இதைச் செய்தவர் கிழக்கு டென்னசி மலைப்பகுதியின் குடியரசுக் கட்சிக்காரர் என்ற பெருமை தன் கட்சிக்குச் சேர வேண்டும். இதை யாரும் மேடையில் சொல்வதில்லை. எனக்குப் பிடித்த பகுதியே இதுதான், இந்த வரியில்தான் அரசியல்வாதி தெரிகிறார்.

அந்த ஒரு கோடியே 70 லட்சத்திலும் ஒரு திருத்தம் வேண்டும். தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் வாக்களிக்கக் கட்ட வேண்டிய வரி, எழுத்தறிவுத் தேர்வு, மிரட்டல் ஆகியவற்றால் 1965இன் வாக்குரிமைச் சட்டம் வரை வாக்குச்சாவடிக்கு வெளியேதான் நின்றார்கள்.

ஃபெப் அம்மாளை மறக்காதீர்கள். அந்தக் கடிதம் பொய் என்று சொல்லவைக்க, லூசியானா ஆளுநரின் மனைவி என்று சொல்லிக்கொண்ட ஒரு பெண்மணி நயோட்டாவுக்கே போனார். அம்மாள் மசியவில்லை. கடிதம் என்னுடையதுதான் என்று தந்தி அடித்துவிட்டார்.

மகனோ அந்த நவம்பரில் மயிரிழையில் மீண்டும் வென்றார். பிறகு வழக்கறிஞரானார். 1930இல் ஆளுநர் பதவிக்குக் கட்சி வேட்பாளராக முயன்று தோற்றார். 1949 முதல் 1953 வரை மாநில மேலவையில் இருந்தார். வங்கித் தலைவர், மாநில அரசமைப்பு மாநாட்டுப் பிரதிநிதி என்று நீண்ட, அமைதியான பொதுவாழ்வு. 1977இல், 81 வயதில் இறந்தார். தாய்க்கும் மகனுக்கும் 2018இல் நாக்ஸ்வில்லில் சிலை வைத்தார்கள்.

உங்கள் மாணவி பேசட்டும், தடுக்காதீர்கள். ‘மனம் மாறி’ என்பதை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள்: கடிதம் பையில் இருந்தும் முதலில் கிடப்பில் போடவே வாக்களித்தார், வாக்குரிமை பெண்களின் உரிமை என்று தாமே நம்புவதாகவும் சொன்னார். டர்னரின் பெயரையும் சேர்க்கட்டும், அரை நிமிடம் போதும்.